சென்டர் ஸ்டாண்ட் வாங்கும்போது குழாயைப் பார்க்காதீர்கள், துளையைப் பாருங்கள்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பல்லடம் பக்கம் பைக்கை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதே ஒரு கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து மேற்கிலிருந்து வரும் காற்று ஆடி முடியும்வரை ஓயாது. சைடு ஸ்டாண்ட் இருப்பது இடப்பக்கம். வண்டி வடக்குப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மேற்காகிவிடும். காற்று சாய்ந்திருக்கும் வண்டியைத் தூக்கி வலப்பக்கம் தள்ளும். தெற்குப் பார்த்து நிறுத்தினால் காற்று வண்டியை ஸ்டாண்டின் மேலேயே அழுத்தும். அது நல்லதுதான், கீழே செம்மண்ணாக இல்லாத வரைக்கும். மழை பெய்த செம்மண்ணில் சைடு ஸ்டாண்டின் கால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும்.

இரண்டு வழியிலும் என் வண்டி விழுந்திருக்கிறது. இரண்டாம் முறை கிளட்ச் லீவர் முறிந்தது. அதற்குப் பிறகுதான் சென்டர் ஸ்டாண்ட் வாங்கப் போனேன். அதிலும் முதலில் ஏமாந்தேன். அந்த அனுபவத்தையும் சேர்த்தே இந்த விளக்கம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான். கூட ஓர் ஆள் வேண்டும், கடைசிச் சோதனைக்கு மட்டும் இன்னொருவரும்.

முதலில், உங்கள் வண்டி இதற்குத் தோதானதா?

சென்டர் ஸ்டாண்ட் இல்லாமல் விற்கப்படும் வண்டிகள் இன்று நிறைய. எடை, விலை, அடிவயிற்றில் ஓடும் சைலன்சர் என்று காரணங்கள் பல. ராயல் என்ஃபீல்டின் ஹண்டர் 350 2022இல் வந்தபோது சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். சென்டர் ஸ்டாண்டைக் கூடுதல் பொருளாக வாங்கிக்கொள்ள வேண்டும். கேடிஎம் டியூக்கோடும் சென்டர் ஸ்டாண்ட் வருவதில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, ஃபுட்ரெஸ்ட்டுக்குச் சற்றுப் பின்னால் சேஸிஸைப் பாருங்கள். இரு பக்கமும் துளையோடு கூடிய காது இருந்தால் வேலை எளிது. காது இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சேஸிஸில் காது பற்றவைத்துத் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சேஸிஸ் குழாய் மெல்லியது. பற்றவைப்பின் சூட்டில் பக்கத்து இரும்பு பலம் இழக்கும், பிறகு விரிசல் அங்கேதான் தொடங்கும். வாரண்டியும் போய்விடும். குழாயைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகையும் எனக்குப் பிடிக்காது, நாளடைவில் நழுவும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு, செயினைச் சுத்தம் செய்ய மட்டும் என்றால், பின்பக்கம் மாட்டித் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட் போதும்.

கடையில் எதைப் பார்ப்பது

நான் முதலில் வாங்கியது 900 ரூபாய் ஸ்டாண்ட். குழாய் நல்ல தடிமன், கறுப்பு பெயின்ட் மினுமினுப்பு. கையில் தூக்கினால் கனம். எட்டு மாதத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் லேத் வைத்திருக்கும் மாமா ஒருவரிடம் கழற்றி எடுத்துப் போனேன். அவர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போல்ட் போகும் துளையில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிவிட்டு, “ஏனுங்க தம்பி, இது வட்டமா, முட்டையா?” என்றார். துளை நீள்வட்டமாகியிருந்தது. மெல்லிய தகட்டில் வெறுமனே போட்ட துளை அது; போல்ட்டின் மரை அதை அரம்போல ராவித் தின்றிருந்தது.

ஸ்டாண்ட் நிற்கும் விதத்தை யோசித்தால் காரணம் புரியும். கால்கள் நேர் செங்குத்தில் நிற்பதில்லை. செங்குத்தைக் கொஞ்சம் தாண்டி முன்பக்கம் போய், ஒரு முட்டில் இடித்து நிற்கின்றன. வண்டியின் எடை அவற்றை அந்த முட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஹண்டர் போன்ற வண்டியின் எடை சுமார் 180 கிலோ. அதில் பெரும்பங்கும் இரண்டு துளைகளிலும் ஒரு முட்டிலும்தான் இறங்குகிறது. குழாய் வளைந்து போன ஸ்டாண்டை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். துளை தேய்ந்து, முட்டு நசுங்கிப் போனவைதான் ஏராளம். முட்டு நசுங்கினால் கால்கள் இன்னும் முன்னே போகும், வண்டி தாழும்.

ஆகவே கடையில் நான்கு காரியம் செய்யுங்கள். அதனுடன் வரும் போல்ட்டைத் துளையில் செருகி ஆட்டிப் பாருங்கள். கை அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், லொடலொடக்கக் கூடாது. துளை, தகட்டில் போட்டதாக இல்லாமல் குறுக்கே பற்றவைத்த தடித்த குழாய்த் துண்டாக இருக்க வேண்டும். அதற்குள் தனி புஷ் (போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே போடும் உலோக உருளை) இருந்தால் மிகவும் நல்லது. ஸ்டாண்டைக் கடையின் கண்ணாடி மேசை மேல் நிற்க வையுங்கள் (கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை). இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் படிய வேண்டும். ஆடினால் அது பற்றவைக்கும்போதே முறுக்கிக்கொண்டது. கடைசியாகப் பற்றவைப்பைப் பாருங்கள்: மீன் செதில் அடுக்கியது போல ஒரே சீராக, சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். ஆங்காங்கே பொட்டு வைத்தது போல இருந்தாலோ, ஊசித் துளைகள் தெரிந்தாலோ வேண்டாம். காலால் மிதிக்கும் கொம்பு சேரும் இடத்தில் இதை இரண்டு முறை பாருங்கள். முதலில் விடுவது அங்கேதான்.

போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமைத் தரக் குறி பொறித்திருந்தால் நல்லது. எதுவுமே பொறிக்காத போல்ட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, நட்டு போல்ட் கடையில் வேறு வாங்குங்கள். நட்டு உள்ளே நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும்.

மாட்டும் வேலை

சைலன்சர் முழுதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். இதை எழுதும்போது என் முழங்கை உட்புறத் தழும்பைத் தடவிக்கொள்கிறேன்.

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். வண்டியை முதல் கியரில் போட்டு, முன் பிரேக் லீவரைக் கயிற்றால் கைப்பிடியோடு இறுகக் கட்டுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் வண்டி இன்னும் நிமிர்ந்து, அடியில் கை போக இடம் கிடைக்கும். கூட இருப்பவர் வலப்பக்கம் நின்று பிடித்துக்கொள்ளட்டும். என் வண்டியை மச்சான் பிடித்துக்கொண்டார். பாதியில் அழைப்பு வந்ததும் ஒரு கையை எடுத்துவிட்டார். பிடிப்பவரின் கைபேசியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கிரீஸ் எதுவும் தடவாமல் ஒரு முறை வெறுமனே பொருத்திப் பாருங்கள். ஸ்டாண்டின் காதுகள் சேஸிஸ் காதுகளோடு தாமாக வந்து சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாஷர் போடலாம். விரித்தோ சுத்தியலால் தட்டியோதான் உட்காரும் என்றால் அது உங்கள் வண்டிக்கான ஸ்டாண்ட் அல்ல, திருப்பிக் கொடுங்கள். பெயின்ட் உரிந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் கிரீஸுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். போல்ட்டை எந்தப் பக்கமிருந்து செருகினால் பின்னாளில் சைலன்சரைக் கழற்றாமல் உருவ முடியும் என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது? தனி புஷ் உள்ள ஸ்டாண்டில், அந்த புஷ் ஸ்டாண்டின் குழாய்த் துண்டைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கும். போல்ட்டை முழு பலத்தில் இறுக்கினால் புஷ் சேஸிஸோடு இறுகி அசையாமல் நிற்கும். ஸ்டாண்ட் அந்த புஷ்ஷைச் சுற்றித் தாராளமாக ஆடும். புஷ்ஷின் மேலும் குழாயின் உள்ளேயும் சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தாராளமாக அப்பி, செருகி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அவ்வளவுதான்.

புஷ் இல்லாத ஸ்டாண்டில் சிக்கல் உண்டு. இறுக்கினால் ஸ்டாண்ட் நகராது, தளர்த்தினால் நட்டு கழன்று விழும். அங்கே நைலான் நட்டை ஸ்டாண்ட் சிக்கும்வரை இறுக்கி, பிறகு ஸ்டாண்ட் தன் எடையிலேயே தொங்கி விழும் அளவுக்கு மட்டும் பின்னுக்குத் தளர்த்த வேண்டும். இதில் துளை தேயத்தான் செய்யும். என் 900 ரூபாய் ஸ்டாண்டை மாமா அப்படியே தூக்கிப் போடவில்லை. துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் என்னும் வெண்கல வகையில் புஷ் கடைந்து ஏற்றி, கிரீஸ் நிப்பிளும் வைத்துக் கொடுத்தார். ஊரெல்லாம் பம்புக்கும் மோட்டாருக்கும் புஷ் கடைகிற கோயம்புத்தூரில் இது அரை மணி நேர வேலை. அந்த ஸ்டாண்ட் இப்போது மூன்றாவது ஆடியைப் பார்த்துவிட்டது.

ஸ்பிரிங்

வீட்டில் செய்பவர்கள் கைவிடுவது இங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், நழுவினால் ஸ்பிரிங் போகும் இடம் முகம். கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு வழியில் செய்யலாம். ஸ்பிரிங்கின் ஒரு முனையை வைஸில் பிடித்து, பக்கவாட்டில் வளையுங்கள். வளைத்த பக்கத்தில் சுருள்கள் விரியும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு நாணயமோ மெல்லிய வாஷரோ செருகுங்கள். மறுபக்கம் வளைத்து அங்கும் செருகுங்கள். பத்துப் பன்னிரண்டு போனால் ஸ்பிரிங் தானாகவே நீண்டு நிற்கும். அப்படியே இரு கொக்கிகளிலும் மாட்டி, ஸ்டாண்டை ஒரு முறை கீழே இறக்கினால் நாணயங்கள் சலசலவென்று உதிர்ந்துவிடும். எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது இன்னும் சுருளுக்குள்தான் இருக்கிறது.

கொக்கியின் திறந்த வாய் மேல்நோக்கியோ உள்நோக்கியோ இருப்பதைப் பற்றிப் பலரும் வாதிடுவார்கள். சேறும் கல்லும் படாத பக்கம் இருந்தால் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நிம்மதி. ஓட்டும்போது ஒன்று அறுந்தாலும் ஸ்டாண்ட் தரையில் இழுபடாது.

இடிக்கிறதா என்று பார்ப்பது

ஸ்டாண்ட் மேலே ஏறியிருக்கும்போது ரப்பர் முட்டில் படிந்திருக்க வேண்டும், சைலன்சரில் படக்கூடாது. இப்போது இரண்டு பேர் வண்டியில் ஏறி உட்கார்ந்து குதித்து அமுக்குங்கள், மூன்றாமவர் குனிந்து பார்க்கட்டும். செயினின் கீழ்ப்பகுதிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி எப்போதும் வேண்டும். செயின் தளர்ந்த வண்டியென்றால் முதலில் செயினைச் சரி செய்துவிட்டுப் பாருங்கள். வேகத்தடைகளில் இரண்டு பேரோடு மெதுவாக ஏறி இறங்கியும் ஒரு முறை சோதியுங்கள்.

உயரமும் முக்கியம். ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் சரி. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஸ்டாண்ட் குட்டை. இரண்டு அங்குலத்துக்கு மேல் எழும்பினால் ஏற்றும்போது இடுப்பு பேசும்.

ஏற்றும் முறை

இடப்பக்கம் நின்று, இடக்கையால் கைப்பிடி, வலக்கையால் பின்னால் உள்ள பிடிகம்பி. வலக்காலால் கொம்பை அமுக்கி, இரண்டு பாதங்களும் தரையைத் தொடும்வரை வண்டியை நிமிர்த்துங்கள். இரண்டும் தொட்டதைக் கால் வழியாகவே உணரலாம். பிறகு கையால் இழுக்காதீர்கள். உடல் எடை முழுவதையும் கொம்பின் மேல் ஏற்றி நின்றால் வண்டி தானாகப் பின்னோக்கி ஏறிக்கொள்ளும். கனமான வண்டியென்றால் பின்சக்கரத்தை அரை அங்குலப் பலகை மேல் உருட்டிவிட்டு ஏற்றுங்கள். பாதி பாரம் குறைந்தது போலிருக்கும்.

நீண்ட நாள் உழைக்க

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் உட்கார்ந்து கதை பேசாதீர்கள். ஸ்டாண்டைக் கெடுப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. பால் கேன் கட்டுபவர்கள் இரு பக்கமும் மாறி மாறி ஏற்றுங்கள். ஒரு பக்கமே இரண்டு கேனையும் தொங்கவிட்டு மறுபக்கம் போகும் இடைவெளியில் ஒற்றைக் கால் மொத்தத்தையும் சுமக்கிறது. எங்கள் சின்ன மாமா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவருடைய ஸ்டாண்டில் இடப்பாதம் மட்டும் தேய்ந்து கத்திமுனை ஆகியிருந்தது. இரண்டு பாதத்திலும் உள்ளங்கை அகலத் தகடு பற்றவைத்ததும் செம்மண்ணில் புதைவதும் நின்றது. இப்படி எதைப் பற்றவைத்தாலும் ஸ்டாண்டைக் கழற்றி எடுத்துப் போய்ச் செய்யுங்கள். வண்டியிலேயே வைத்துச் செய்ய வேண்டி வந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான்.

மாட்டிய பின் முதல் 100 கிலோமீட்டரில் எல்லா நட்டுகளிலும் ஒரு முறை ஸ்பேனர் வையுங்கள். பெயின்ட் நசுங்கி அடங்கியதும் கொஞ்சம் தளர்ச்சி வரும். நான் காங்கேயம் போய்த் திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் வைத்துப் பார்த்தேன். வலது போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டது. அன்றும் காற்று பலமாகத்தான் அடித்தது. வண்டியை வடக்குப் பார்த்து நிறுத்திவிட்டு டீ குடித்தேன்.