மொட்டை மாடியில் ஷெட் போடப் போகிறீர்களா? வணிகக் கட்டடத்துக்கான தீத்தடுப்புக் கணக்கு, படிப்படியாக

பழைய வணிகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது எல்லோர் கண்ணும் கடைசியில் மொட்டை மாடியில்தான் போய் நிற்கும். "சும்மாதானே கிடக்கு, நாலு தூணை நட்டு ஷீட்டைப் போட்டா ஒரு கேன்டீன் ஆச்சு" என்பார் உரிமையாளர். இரும்பு வேலை செய்யும் ஃபேப்ரிகேட்டரும் கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே விலை சொல்லிவிடுவார். தீயைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இருக்காது. ஃபயர் என்.ஓ.சி., அதாவது தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, புதுப்பிக்கப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வரும். அதற்குள் ஷெட் எழுந்து நின்றிருக்கும்.

சென்னையில் அப்படி நின்றிருந்த ஒரு ஷெட்டைப் பிரிக்காமல் ஒழுங்குபடுத்தித் தரும் வேலை என்னிடம் வந்தது. அதில் நான் போன வரிசை இது. பழைய தூண்கள் புதுச் சுமையைத் தாங்குமா என்பது ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்க்க வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை. வரைபடம் பார்க்கத் தெரியும் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உயரமும் உபயோகமும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். என்.பி.சி. எனப்படும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, 15 மீட்டரிலேயே அந்தக் கோட்டைப் போட்டுவிடுகிறது. மாடிப்படி ஹெட்ரூம், லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் உயரக் கணக்கில் சேராது. ஆட்கள் உட்காரும் ஷெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மாடித்தளம் 16 மீட்டரில் இருக்கிறது, அதன்மேல் 3 மீட்டர் ஷெட் என்றால் 19. மாநில விதியின் கணக்கில் கட்டடமே வேறு வகைக்குப் போய்விட்டது. பக்கவெளி, சாலை அகலம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும். டேப்பை எடுத்து அளக்காமல் இரும்புக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உபயோகம். ஆள் கணக்குக்கு அலுவலகம் என்றால் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்கிறது என்.பி.சி. மேஜை நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கூடம் என்றால் 1.8 தான். 140 சதுர மீட்டர் மாடியில் அலுவலகம் போட்டால் 14 பேர், கேன்டீன் போட்டால் சுமார் 78 பேர். அத்தனை பேரும் இறங்கப்போவது ஏற்கெனவே இருக்கிற அதே படிக்கட்டில். வரைபடத்தில் 'ஸ்டோர் ரூம்' என்று எழுதிவிட்டு மேஜை நாற்காலி போடுகிறவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உங்களுக்கு இந்தப் பதிவு உதவாது.

படி 2: எத்தனை நிமிடம்?

என்.பி.சி. நான்காம் பகுதியின் முதல் அட்டவணையைத் திறந்துகொள்ளுங்கள். கட்டுமான வகை ஒன்றிலிருந்து நான்கு வரை இருக்கும். தூண், உத்திரம், சுவர், கூரை என ஒவ்வொன்றும் தீயில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நேரே போட்டிருக்கும். ரேட்டிங் என்பது அந்த நிமிடம்தான். உங்கள் கட்டடம் எந்த வகை என்று எல்.பி.எஸ்.ஸிடம் (உரிமம் பெற்ற கட்டட சர்வேயர்) எழுத்தில் வாங்குங்கள்.

இதில் கூரை வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கூரையின் மிகத் தாழ்ந்த உறுப்பு தளத்திலிருந்து 6.7 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கூரைக்கு ரேட்டிங் தேவையில்லை. தொழிற்சாலை ஷெட் போட்டுப் பழகிய ஃபேப்ரிகேட்டர்கள் "ரூஃபுக்கெல்லாம் ரேட்டிங் கிடையாது சார்" என்று சொல்வது இதனால்தான். அவர்கள் போடும் ஷெட்டுக்கு அது உண்மை. மொட்டை மாடி ஷெட் 3 மீட்டர், மிஞ்சினால் 4 மீட்டர். 5 மீட்டருக்குள் இருக்கும் கூரைக்கு வகையைப் பொறுத்து 60 முதல் 120 நிமிடம் கேட்கிறார்கள்.

படி 3: சான்றிதழைப் படிப்பது

என் நேரத்தை அதிகம் தின்றது இந்தப் படிதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

ஷெட்டுக்குப் போடும் பேனல் என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே காப்புப் பொருள் அடைத்த பலகை. அதை விற்பவரிடம் "ஃபயர் ரேட்டட்தானே?" என்று கேட்டால், "ஆமாம் சார், சர்டிஃபிகேட் இருக்கு" என்று ஒரு பி.டி.எஃப். அனுப்புவார். அதில் 'பி.எஸ். 476 பகுதி 7, கிளாஸ் 1' என்றிருக்கும். பி.எஸ். என்பது பிரிட்டிஷ் தரம். அந்தச் சோதனை சொல்வது ஒன்றுதான்: பொருளின் மேற்பரப்பில் தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பது. எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அதற்குப் பகுதி 21 அல்லது 22 வேண்டும். சுமை தாங்கும் உறுப்புக்கு 21, தாங்காததற்கு 22. நம் ஊர்த் தரம் என்றால் ஐ.எஸ். 3809. நிமிடக் கணக்கு இவற்றில்தான் வரும்.

இன்னொன்று, நிமிடம் என்பது தனிப் பொருளுக்குக் கொடுப்பதில்லை. சோதனை உலையில் ஏற்றியது என்னவோ அதற்குத்தான்: இந்தத் தடிமன் பேனல், இந்த ஸ்க்ரூ, இந்த இடைவெளி, இந்த மூட்டு, இவை எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு. உலையில் 100 மி.மீ. பேனலை நிறுத்திச் சோதித்திருப்பார்கள், உங்களுக்கு வருவது 50 மி.மீ.யாக இருக்கும். ஆகவே முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் முழு அறிக்கையையும் கேளுங்கள். அதிலுள்ள வரைபடத்தைத் தளத்தில் வந்து இறங்கிய பொருளோடு ஒப்பிடுங்கள். "முழு ரிப்போர்ட் தர முடியாது" என்பவரிடம் நான் வாங்குவதில்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கின்றன. அங்கே வாங்கிய அறிக்கை இருந்தால் அதிகாரியிடம் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

பேனலின் உள்ளடக்கம் பற்றி என் கட்சி தெளிவு: கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வுல். தெர்மோகோல் வைத்த பேனல் உருகும், எரியும். அதை மாடியில் ஏற்றவே கூடாது. பாலியூரிதேன் நுரை அடைத்த பஃப் பேனல் குளிர்ச்சியில் கெட்டிக்காரன், தீயில் இல்லை. ராக்வுல் எடை கூடுதல், மழை உள்ளே இறங்கினால் நனைந்து கனக்கும். மழைநீர் புகாமல் விளிம்பில் மடக்கி வைக்கும் தகட்டை (ஃப்ளாஷிங்) ஒழுங்காகச் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

'கிராமத்து லுக்' என்று கீற்றுக் கூரை கேட்கிற உணவகக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையல் கொட்டகையில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. தீத்தடுப்பு மருந்து தெளித்த கீற்று என்று விற்றாலும் வாங்காதீர்கள். அந்த மருந்து எத்தனை மழை தாங்கும் என்று விற்பவரையே கேட்டுப் பாருங்கள்.

படி 4: இரும்புக்குப் பாதுகாப்பு

இரும்பு எரியாதே என்பார்கள். எரியாது, ஆனால் 550 டிகிரி வாக்கில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சோதனை உலையில் ஐந்தாவது நிமிடத்திலேயே வெப்பம் 576 டிகிரி, முப்பதாவது நிமிடத்தில் 842. பூச்சில்லாத மெல்லிய குழாய்த் தூண் 60 நிமிடம் நிற்க வழியே இல்லை.

குழாய் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: தீ படும் சுற்றளவை வெட்டுமுகப் பரப்பால் வகுங்கள். 100க்கு 100 சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 4 மி.மீ. என்றால் சுற்றளவு 0.4 மீட்டர், பரப்பு 0.001536 சதுர மீட்டர். விடை சுமார் 260. அதே குழாய் 6 மி.மீ. என்றால் 177. எண் குறையக் குறையப் பூச்சின் தடிமனும் குறையும். தீயில் பொங்கி நுரைக்கும் இன்ட்யூமசென்ட் பெயின்ட் விலையுள்ள சரக்கு. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். இரும்பில் மிச்சம் பிடித்தது பெயின்ட் செலவில் கரைந்துவிடும்.

பெயின்ட் கம்பெனி இந்த எண்ணையும் நிமிடத்தையும் வைத்து பூச்சு எத்தனை மைக்ரான் தடிமன் வேண்டும் என்று அட்டவணை தரும். நம் ஃபேப்ரிகேட்டர்கள் கேட்காமலேயே ரெட் ஆக்சைடு அடித்து அனுப்புவார்கள். கம்பெனி ஏற்கும் ப்ரைமர் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. "ப்ரைமர் அடிக்காமல் அனுப்பவும்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். மாடி என்பதால் வெயிலும் மழையும் தாங்கும் மேல்பூச்சு கட்டாயம்.

தடிமன் பார்க்கும் மீட்டரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பவரின் மீட்டரில் அளந்து பெயின்ட் அடிப்பவருக்குப் பணம் கொடுப்பது நன்றாகவா இருக்கிறது? குழாயின் நான்கு முகங்களிலும், குறிப்பாகப் பின்புறமும் மூட்டுத் தகட்டு ஓரமும் அளந்து எழுதுங்கள். 120 நிமிடம் கேட்டால் நான் பெயின்டை விட்டுவிட்டு கால்சியம் சிலிகேட் போர்டால் தூணைப் பெட்டிகட்டிவிடுவேன். பார்வைக்குத் தடிமனாகத் தெரியும், ஆனால் சரியாக இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம்.

படி 5: ஹெட்ரூமை ஷெட்டுக்குள் விழுங்காதீர்கள்

படியேறி மேலே வருகிறவர் திறந்த வானத்துக்குக் கீழே வர வேண்டும். ஹெட்ரூமைச் சுற்றி ஷெட்டைக் கட்டிவிட்டால் கீழே பற்றிய தீயின் புகை நேரே ஷெட்டுக்குள் வரும். ஷெட்டில் பற்றினால் படிக்கட்டே அடைபடும். படிக்கட்டுச் சுவரும் கதவும் 120 நிமிடம், கதவு தானாக மூட வேண்டும். முடிந்தால் கட்டடத்தின் மறு முனையில் இரண்டாவது படிக்கட்டு. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் தீப்பிடித்தபோது 14 பேர் இறந்தார்கள். பலர் கழிவறைக்குள் ஒதுங்கி மூச்சுத்திணறி இறந்தவர்கள்.

படி 6: ஓட்டைகள்

கேபிளுக்கும் குழாய்க்கும் தளத்தில் போட்ட ஒவ்வொரு துளையையும் ஃபயர் ஸ்டாப் சீலன்ட்டால் அடையுங்கள். எலக்ட்ரீஷியன் கையிலிருக்கும் சாதாரண மஞ்சள் நுரை எரியும் பொருள்.

பின்சேர்க்கை: ஷெட் கூரைமேல் சோலார் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் சோலார் பேனலின் எடையும் காற்றின் இழுவையும் முதலிலேயே ஸ்ட்ரக்சரல் கணக்கில் இருக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் பகலில் பேனலிலிருந்து வரும் டி.சி. கேபிளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் பேனலுக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் வையுங்கள், கேபிளை ராக்வுல் பேனலின் உள்ளே நுழைக்காமல் வெளியே உலோக ட்ரேயில் கொண்டுபோங்கள், தீயணைப்பு வீரர் நடந்துபோகப் பேனல் வரிசைகளுக்கு இடையே வழி விடுங்கள். ஐசொலேட்டர் இருக்கும் இடத்தை ஹெட்ரூம் கதவின் உட்புறத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.