டீயில் எந்தக் கிளப்பை எடுப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சுற்றுக்குப் பையில் 14 கிளப்புகள் (பந்தை அடிக்கும் மட்டைகள்) வரை எடுத்துச்செல்ல கோல்ஃப் விதி இடம் தருகிறது. ஆனால் டீயில், அதாவது ஒவ்வொரு ஹோலும் (பந்தை அடித்துச் சென்று குழிக்குள் சேர்க்கும் ஒரு தளம்) தொடங்கும் இடத்தில், நிற்கும்போது பெரும்பாலானோரின் மனத்தில் இருப்பவை இரண்டே: துணிவு இருந்தால் மிக அதிகத் தூரம் அடிக்கும் டிரைவர், அச்சம் வந்தால் அதைவிடச் சற்றுக் குட்டையான 3-வுட். தமிழில் டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் என்பதாலோ என்னவோ, அவர் வராமல் பயணமே தொடங்காது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஹோலின் அமைப்பைக் கண் பார்க்கும் முன்பே கை டிரைவரின் உறையைக் கழற்றிவிடுகிறது. உண்மையில் டீயில் நாம் தீர்மானிப்பது முதல் அடியைப் பற்றி அன்று, இரண்டாவது அடியை எங்கிருந்து அடிக்கப்போகிறோம் என்பதைப் பற்றி. அந்த இடத்தில் நம்முடைய வழக்கமான பிசகுகளும் சேர்ந்து விழுவதற்குப் போதிய அகலம் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் எடுக்கப்படும் டிரைவரும் தவறுதான், 3-வுடும் தவறுதான்.

எல்லாத் தவறுகளுக்கும் வேர், தன் ஆட்டத்தைத் தன்னுடைய மிகச் சிறந்த அடியைக் கொண்டு அளப்பது. என்றோ ஒருநாள் காற்றும் சரிவும் துணைநின்று 250 யார்டு போன பந்து நினைவில் நின்றுவிடுகிறது. மற்ற நாட்களில் 205 யார்டில் நின்ற நூறு பந்துகள் மறந்துபோகின்றன. பயிற்சித் திடலில் ஒரே கிளப்பால் 20 பந்துகளை அடித்து, ஒவ்வொன்றும் எங்கே தரையைத் தொடுகிறது, இடப்பக்கமும் வலப்பக்கமும் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டால், அந்தக் கிளப்பின் உண்மையான முகம் தெரிந்துவிடும். அதில் கிடைப்பது ஒற்றைத் தூரம் அன்று, ஒரு பரப்பு. மிக மோசமான இரண்டு மூன்று பந்துகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதிப் பந்துகள் விழுந்த அந்தப் பரப்பை ஹோலின் மீது மனத்தால் விரித்துப் பார்க்க வேண்டும். அது தண்ணீரையோ எல்லைக் கம்பங்களையோ தொடவில்லை என்றால் கிளப் சரியானது. தொடுகிறது என்றால் குறியை நகர்த்த வேண்டும், அதற்கும் வழியில்லை என்றால் கிளப்பை மாற்ற வேண்டும்.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்று உண்டு. பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் தூரம் வேறு, உருண்டு ஓடி நிற்கும் தூரம் வேறு. 210 யார்டில் பங்கர் (மணற்குழி) இருக்கும்போது, "என் டிரைவர் 220 போகும்" என்று சொல்லிக்கொண்டு அதைத் தாண்ட முயல்பவர் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான் சொல்கிறார். அவருடைய பந்து 200இல் தரையைத் தொட்டு உருண்டு நேராக மணலுக்குள் இறங்கும். தாண்ட வேண்டிய தடைக்குப் பறக்கும் தூரத்தை மட்டும் கணக்கிட வேண்டும், எட்டாமல் நிற்க வேண்டிய தடைக்கு உருளும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துவதால்தான் பங்கரைத் தாண்ட எடுத்த கிளப் அதற்குள் விழுகிறது, பங்கருக்கு முன் நிறுத்த எடுத்த கிளப்பும் அதற்குள்ளேயே ஓடிவிடுகிறது.

இனி, பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் தவறுக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் அனுபவம் உள்ளவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். டிரைவரை விட்டு 3-வுடை எடுத்தால் பந்து நேராகப் போகும் என்பது பலரின் நம்பிக்கை. பந்து குறியிலிருந்து 5 பாகை விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 யார்டு போகும் டிரைவர் அடியில் அது பக்கவாட்டில் சுமார் 20 யார்டு விலகல். 200 யார்டு போகும் 3-வுட் அடியில் சுமார் 17 அல்லது 18 யார்டு. முப்பது யார்டு தூரத்தைக் கொடுத்து நாம் வாங்கியது மூன்று யார்டுக்கும் குறைவான நேர்மை. 3-வுடின் முகம் கூடுதலாகச் சாய்ந்திருப்பதாலும் (டிரைவர் பெரும்பாலும் 9 முதல் 12 பாகை, 3-வுட் 15 பாகை அளவில்) தண்டு இரண்டு அங்குலம் அளவுக்குக் குட்டையாக இருப்பதாலும் பந்தின் வளைவு ஓரளவு குறையும் என்பது மெய்தான். ஆனால் விதி அனுமதிக்கும் 460 கன சென்டிமீட்டர் வரை பெருத்த தலையைக் கொண்ட டிரைவர், நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றிவிடுகிறது. அதில் பாதிகூட இல்லாத 3-வுடின் தலை அந்தச் சலுகையைத் தருவதில்லை. வேகம் குறைவாகச் சுழற்றுபவர்களில் பலருக்கு 3-வுடைவிட, முகம் இன்னும் சாய்ந்த 5-வுட்தான் காற்றில் அதிகத் தூரம் போகிறது. ஆகவே, பாதுகாப்பு தேவை என்று முடிவு செய்தால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. 215 யார்டில் உள்ள தண்ணீருக்கு அஞ்சி 210 யார்டு போகும் கிளப்பை எடுப்பதில் பொருள் இல்லை. சிறந்த அடி விழுந்தாலும் தண்ணீரை எட்டவே முடியாத ஹைப்ரிடையோ அயர்னையோ (தூரம் குறைவாகப் போகும் கிளப் வகைகள்) எடுக்க வேண்டும்.

தவறுக்கு என்ன விலை என்று கணக்கிடாமல் கிளப்பைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் பதிவான ஏராளமான அடிகளை ஆராய்ந்து, எந்த இடத்திலிருந்து ஹோலை முடிக்கச் சராசரியாக எத்தனை அடிகள் தேவை என்று வகுத்துக் காட்டினார். அதன்படி 140 யார்டு தொலைவில் ஃபேர்வேயிலிருந்து (கத்தரித்த புல்பாதை) 2.91 அடிகளும், அதே தொலைவில் ரஃபிலிருந்து (ஓரத்து உயர்ந்த புல்) 3.15 அடிகளும் ஆகின்றன. 180 யார்டு தொலைவில் ஃபேர்வேயிலிருந்து ஆவதோ 3.08. அதாவது ரஃபில் விழுவதன் விலை ஏறக்குறைய கால் அடிதான், நாற்பது யார்டு கூடுதலாக முன்னேறியிருப்பது அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. மரங்களுக்கு இடையே சிக்கி, பக்கவாட்டில் தட்டி வெளியேற வேண்டிய இடத்தில் விழுந்தால் விலை முக்கால் அடிக்கும் மேலே போகிறது. தண்ணீர் போன்ற பெனால்டிப் பகுதி ஓர் அடி. எல்லைக்கு வெளியே போனாலோ தொலைந்தாலோ, தண்டனை அடியோடு கடந்த தூரமும் பறிபோவதால், ஏறத்தாழ இரண்டு அடிகள். இவை உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களின் எண்கள், நமக்கு எல்லாமே கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் வரிசை மாறாது. இருபுறமும் வெறும் ரஃப் என்றால் டிரைவரை உள்ளேயே வைத்திருப்பது வீண் சிக்கனம். ஒரு பக்கம் எல்லைக் கம்பங்கள் நிற்கின்றன என்றால், பத்துப் பந்துகளில் ஒன்று அங்கே போனாலே டிரைவரால் கிடைத்த இலாபம் பெரிதும் கரைந்துவிடும்.

விங்டு ஃபுட் என்ற ஒரே மைதானம் இதன் இரண்டு பக்கங்களையும் காட்டியிருக்கிறது. 2006 அமெரிக்க ஓபனின் கடைசி ஹோலுக்கு ஓர் அடி முன்னிலையோடு வந்த ஃபில் மிக்கெல்சன், அன்று முழுவதும் சொன்னபடி கேட்காத டிரைவரையே மீண்டும் எடுத்தார். பந்து இடப்புறம் வெகுதூரம் விலகியது, பார் 4இல் (நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய ஹோல்) 6 அடிகள் எடுத்து, கோப்பையை ஜெஃப் ஓகில்விக்கு விட்டுக்கொடுத்தார். 2020இல் அங்கேயே பிரைசன் டிஷாம்போ, நான்கு நாட்களில் 56 ஃபேர்வேகளில் 23இல் மட்டுமே பந்தை நிறுத்தியும், ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். ஒருவருக்குக் கோப்பையை இழக்கவைத்த கிளப் மற்றவருக்கு வென்றுகொடுத்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிட முடியாது. டிஷாம்போ, ரஃபில் விழுந்தாலும் குட்டையான அயர்னால் கிரீனை (குழியும் கொடியும் உள்ள புல்தளம்) எட்டிவிடும் அளவுக்கு முன்னால் நிற்பதையே நான்கு நாள் திட்டமாக வைத்திருந்தார். மிக்கெல்சனுக்கோ அந்த ஒரு ஹோலில் கூடுதல் தூரம் தேவைப்படவில்லை, பார் போதுமானதாக இருந்தது.

1999 பிரிட்டிஷ் ஓபனில், கார்னூஸ்டியின் கடைசி ஹோலில் மூன்று அடி முன்னிலையோடு நின்ற ழான் வான் டி வெல்டே டிரைவரை எடுத்ததை இன்றும் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஆறு அடிகளில் முடித்தாலே வெற்றி என்ற நிலையில் அந்தக் கிளப்பால் கிடைக்கக்கூடிய ஆதாயம் ஏதுமில்லை என்பது உண்மைதான். ஆயினும் அவருடைய டீ அடி அங்கே குறுக்கே ஓடும் ஓடையில் விழவில்லை, அதிர்ஷ்டவசமாக 17ஆம் ஹோலின் பக்கம் உலர்ந்த நிலத்தில் நின்றது. அங்கிருந்து மெல்ல ஃபேர்வேக்குத் திரும்பாமல், நீண்ட அயர்னால் கிரீனைக் குறிவைத்த இரண்டாவது முடிவுதான் என் பார்வையில் பெரிய பிழை. அவர் 7 எடுத்தார், சமநிலையை முறிக்கப் பின்னர் நடந்த பிளேஆஃபில் பால் லாரி வென்றார்.

தரையின் தன்மையையும் காற்றையும் கவனிக்காமல், அட்டையில் அச்சிட்ட தூரத்தை மட்டும் பார்த்துக் கிளப் எடுப்பது இன்னொரு பழக்கம். 2006இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில், வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் பந்து வெகுதூரம் உருள்வதைக் கண்ட டைகர் வுட்ஸ், 72 ஹோல்களில் ஒரே ஒரு முறைதான் டிரைவரை அடித்தார். அங்கிருந்த பங்கர்களுக்கு எட்டாமல் நீண்ட அயர்ன்களால் பந்தை நிறுத்தி, இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றார். மழையில் ஊறிய தரையில் அதே அயர்ன் முப்பது யார்டு பின்தங்கியிருக்கும். காற்றைப் பொறுத்தவரை, எதிர்க்காற்று பறிக்கும் தூரத்தை அதே வேகமுள்ள பின்காற்று திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் பந்தின் வளைவும் கூடுவதால், வலப்புறம் வளையும் பழக்கமுள்ளவர் அங்கே முழு வேகத்தில் டிரைவரைச் சுழற்றுவது வளைவுக்கு மேலும் இடம்கொடுப்பதாகும்.

ஃபேர்வே வளைந்து திரும்பும் ஹோல்களில், வளைவைத் தாண்டி மறுபக்கத்து மரங்களுக்குள் போய் விழும் பந்துகள் பெரும்பாலும் நன்றாக அடிக்கப்பட்டவை. வளைவுக்கு எத்தனை யார்டு என்று பார்க்காததே காரணம்.

இரண்டாவது அடிக்குத் தனக்குப் பிடித்த தூரத்தை விட்டுவைப்பதற்காகவே டீயில் குட்டையான கிளப்பை எடுப்பவர்கள் உண்டு. "நூறு யார்டுதான் எனக்குக் கச்சிதம், அறுபது யார்டு ஒத்துவராது" என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் ஆடினேன். பிறகு பல சுற்றுகளைக் குறித்துவைத்துப் பார்த்தபோது, ஒத்துவராது என்று நான் நினைத்த அறுபது யார்டிலிருந்துதான் பந்து கொடிக்கு அருகில் நின்றிருந்தது. கிரீனுக்கு முன்னால் ஆழமான பங்கரோ தண்ணீரோ இருந்து, அரைச் சுழற்சியில் அதைத் தாண்டும் கட்டாயம் இருந்தால் மட்டுமே பின்வாங்கி நிற்பதற்கு நியாயம் உண்டு.

கிளப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும், டீயிங் பகுதியைப் பயன்படுத்தத் தெரியாமல் அதைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். முன்னடையாளங்களுக்கு நேர் நடுவே பந்தை வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்தக் கோட்டிலிருந்து பின்னோக்கி இரண்டு கிளப் நீளம் வரை எங்கும் வைக்கலாம், இரண்டு அடையாளங்களுக்கும் இடையே எந்த ஓரத்திலும் வைக்கலாம்; பந்து பகுதிக்குள் இருந்தால் போதும், ஆட்டக்காரர் வெளியேகூட நிற்கலாம். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் வளைவது வழக்கமென்றால், வலப்புற ஓரத்தில் வைத்து இடப்புறம் நோக்கி அடிக்கும்போது ஃபேர்வே அகன்றுவிடும். டிரைவருக்குப் போதாது என்று தோன்றிய ஹோல் சில சமயம் இதனாலேயே போதுமானதாகிவிடும். பந்தைத் தாங்கும் டீ முளையின் உயரமும் கிளப்போடு மாற வேண்டும்: டிரைவருக்குப் பந்தின் பாதி தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும், 3-வுடுக்கு அதைவிட மிகத் தாழ்வாக, அயர்னுக்குப் புல்லை ஒட்டி. அயர்னுக்கு டீ தேவையில்லை என்று பெருமைக்காகத் தரையில் வைத்து அடிப்பது, விதி தரும் சலுகையை வேண்டாமென்று தள்ளுவதுதான்.

பார் 3 ஹோல்களில் தவறு வேறு உருவம் எடுக்கிறது. கொடி கிரீனின் முன்பக்கம் நிற்கிறது, 150 யார்டு. நன்றாகப் பட்டால் 7-அயர்ன் போகும். ஆனால் நன்றாகப் படாத அடிகள்தான் நம்மிடம் அதிகம், அவை விழும் முன்பகுதியில்தான் பங்கர்களும் சரிவுகளும் பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கின்றன. கிரீனின் நடுப்பகுதிக்கு என்று எண்ணி ஒரு கிளப் கூட்டி 6-அயர்னை எடுப்பவர், சுமாராகப் பட்டாலும் கிரீனில் நிற்பார். பக்கத்தில் இருப்பவர் 8-அயர்ன் எடுத்தார் என்பதற்காகத் தானும் எடுப்பதும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. அயர்ன்மீது பொறித்த எண்ணுக்குப் பொதுத் தரம் ஏதும் இல்லை. இன்று விற்கும் 7-அயர்ன்களில் சிலவற்றின் சாய்வு 28 பாகைக்கு அருகில், வேறு சிலவற்றில் 34 பாகை. போட்டியில் இதில் விதிச் சிக்கலும் இருக்கிறது. எதிராளியிடம் "எந்தக் கிளப் எடுத்தீர்கள்?" என்று கேட்பதே ஆலோசனை கேட்பதாகும், அதற்கு ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு அடிகள் தண்டனை, மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக வெல்லும் ஆட்டம்) அந்த ஹோலையே இழக்க வேண்டும். தன் பையைச் சுமக்கும் கேடியிடம் கேட்கலாம், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எதிராளியின் பையைத் தொட்டு உறையை விலக்கிப் பார்க்கக் கூடாது. தூரத்தைக் கேட்பது மட்டும் குற்றம் இல்லை.

கடைசியாக, முதல் பந்து காணாமல் போயிருக்கலாம் அல்லது எல்லையைக் கடந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தவுடன், அதே டிரைவரால் அதே வேகத்தில் உடனே இன்னொன்றை அடிப்பது. அந்தப் பந்து தற்காலிகப் பந்து என்று அடிக்கும் முன்பே வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் அடித்தால் முதல் பந்து ஃபேர்வேயிலேயே கிடைத்தாலும் பயனில்லை, இரண்டாவதே ஆட்டத்தில் இருக்கும் பந்தாகிவிடும். தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிடங்கள்தான் உண்டு, ஆகவே அந்தத் தற்காலிகப் பந்து உண்மையில் தேவைப்படும் வாய்ப்பு முன்னைவிடக் கூடுதல். அது இப்போது மூன்றாவது அடி. டிரைவர் சற்றுமுன் எந்தப் பக்கம் போனது என்பதைக் கண்ணால் கண்டபிறகு, அந்தப் பக்கத்தை எட்டாத ஒரு கிளப் பையில் இருக்கிறதா என்று பார்க்க இருபது வினாடி எடுத்துக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.