காகம் யாருடைய குஞ்சுக்கு ஊட்டுகிறது? கொழும்பில் கூடு கட்டும் பறவைகளைப் பதியும் முறை

ஈபேர்ட் செயலியில் பறவைப் பட்டியல் இடப் பழகிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பறவையைக் கண்டதை மட்டுமல்ல, அது இங்கே இனம் பெருக்குவதற்கான சான்றையும் அதில் பதியலாம். பட்டியலில் பறவையின் பெயரைத் தொட்டால், உள்ளே இனப்பெருக்கக் குறியீடு என்ற பகுதி திறக்கும்.

முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தலங்கம குளமும் அருமையான இடங்கள்தான். ஆனால் புதியவருக்கு வீட்டு ஒழுங்கையே மேல் என்பேன். காரணம், ஒரு குண்டுக்கரிச்சான் இன்று பாடினால் அது 'சாத்தியம்' என்ற கீழ்நிலைச் சான்று மட்டுமே. ஏழு நாளோ அதற்கு மேலோ கழித்து அதே இடத்தில் மறுபடியும் பாடினால், சான்று ஒரு படி உயர்ந்துவிடும். தினமும் கடந்துபோகும் மதிலோரத்தில் இதைக் கவனிப்பது எளிது. சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது ஊரெங்கும் கூவும் குயிலுக்கும் இதுவே விதி. எத்தனை முறை கூவினாலும், கூவலை மட்டும் வைத்து 'உறுதி' என்ற மேல்நிலைச் சான்றைப் போடக்கூடாது.

'உறுதி' என்பதற்குக் கண்ணால் கண்ட சான்று வேண்டும்: முட்டையோ குஞ்சோ உள்ள கூடு, குஞ்சுக்கு ஊட்டுதல், குஞ்சின் எச்சப்பையை அலகில் எடுத்துச் செல்லுதல் போன்றவை. பல சான்றுகள் கிடைத்தால், அவற்றில் வலுவானதை மட்டும் பதியுங்கள். அலகில் புழுவுடன் பறப்பதைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம். பறவை அதைத் தானே விழுங்குகிறதா, விழுங்காமல் ஒரே திசைக்கு மீண்டும் மீண்டும் கொண்டுபோகிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

நான் தடுக்கி விழுந்தது அடுத்த இடத்தில். எங்கள் தொடர்மாடிக்கு எதிரே, வேப்பமரக் கிளையில் இருந்த கறுப்புக் குஞ்சு ஒன்றுக்குக் காகம் ஊட்டிக்கொண்டிருந்தது. காகக் குஞ்சு என்று பதிந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நிதானமாகப் பார்த்தபோதுதான், கழுத்தில் சாம்பல் நிறமே இல்லை, அலகும் காகத்தின் அலகுபோலத் தடித்ததில்லை என்பது தெரிந்தது. அது குயில் குஞ்சு! குயில் காகக் கூட்டில் முட்டையிடும் என்று சிறுவயதிலிருந்தே அறிந்தவன், கண்முன்னே கண்டபோது கோட்டைவிட்டேன். இப்படிக் கண்டால் இரண்டு பறவைகளுக்கும் பதிவு உண்டு. குயிலுக்குக் 'கூடு விட்டு வந்த குஞ்சு'. காகத்துக்குக் 'குஞ்சுக்கு ஊட்டுதல்'. காகத்தின் குறிப்பில், ஊட்டப்பட்டது குயில் குஞ்சு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்தக் குஞ்சைக் கண்டாலும், ஊட்டும் பறவையை வைத்து முடிவு கட்டாமல் குஞ்சின் அலகையும் கழுத்தையும் பாருங்கள்.

தலங்கமவில் நீளவால் இலைக்கோழிக் குஞ்சுகளோடு ஒரு பெரிய பறவையைக் கண்டால் 'தாயும் குஞ்சுகளும்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான்.

கருவிகளில், எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கியே என் தேர்வு. பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கூட்டருகே கைத்தொலைபேசியைவிடச் சிறு குறிப்பேடும் பென்சிலும் நல்லது. கண் பறவையிலேயே இருக்கும்.

கூட்டை நெருங்காதீர்கள். இலையை விலக்கிப் படமெடுப்பதும், ஒலிப்பதிவை இசைத்துப் பறவையை அழைப்பதும் வேண்டவே வேண்டாம். அலகில் இரையோடு பறவை கூட்டுக்குள் போகாமல் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள், உடனே பின்வாங்குங்கள். நாம் அடிக்கடி எட்டிப் பார்க்கும் இடத்தை, முட்டையையும் குஞ்சையும் தூக்கிப்போகும் காகமும் கவனிக்கும். கூட்டின் படத்தை இடத்தோடு முகநூலில் போடவும் கூடாது.

பிற்சேர்க்கை: வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டுப் பல்கனிக் கொடியில் தொங்கிய தேன்சிட்டுக் கூடு மழையில் அறுந்து விழுந்துவிட்டதாம். முன்பு இட்ட பதிவை நீக்க வேண்டுமா என்று கேட்டார். நீக்க வேண்டாம், அம்மா. அன்று நீங்கள் கண்ட குஞ்சுகள் உண்மை. அந்த நாளின் பட்டியல் அப்படியே இருக்கட்டும். கூடு விழுந்ததைக் கண்ட நாளுக்குப் புதிய பட்டியல் தொடங்கி, அன்று தேன்சிட்டைக் கண்டிருந்தால் அதன் குறிப்பில் நடந்ததை எழுதுங்கள். அடுத்த சில வாரங்கள் அந்தக் கொடியை வெட்டாமல் விட்டுவையுங்கள். அவை மறுபடியும் கட்ட வரலாம்.