பைதான் பைண்டிங் பில்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு, சி++ லைப்ரரி ஒன்றைப் பைதானிலிருந்து அழைப்பதற்கான பைண்டிங் எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே, ஏறத்தாழ அதே வரிசையில் அவர்களும் செய்கிறார்கள். விடுபட்ட ஹெடர் போன்றவற்றைக் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும். கம்பைலர் வாய் திறக்காத பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பைதான் என்று சொல்லாமல் விடுவது

மற்ற எல்லாப் பிழைகளுக்கும் சேர்த்து நான் இழந்த நேரத்தைவிட இந்த ஒன்றுக்காக இழந்தது அதிகம். ஒரு மடிக்கணினியில் இரண்டு மூன்று பைதான்கள் இருப்பது சாதாரணம். பில்டை நடத்தும் கருவியான சிமேக்கிடம் (CMake) பைதானைத் தேடச் சொன்னால் அது தன் விதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். டெர்மினலில் நாம் ஓட்டுவதும் அதுவாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய சிமேக்கில் இன்டர்பிரட்டருக்கு ஒரு மாட்யூல், லைப்ரரிக்கு ஒரு மாட்யூல் என்று தனித்தனியாக இருந்ததால், இரண்டும் வெவ்வேறு பதிப்புகளைப் பிடித்துவிடுவதும் உண்டு. 2018-இல் வந்த சிமேக் 3.12 இரண்டையும் இணைத்து ஒரே மாட்யூலாக்கியது. ஆனாலும் பழைய வரிகள் இன்றும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

பதிப்பு எண் வேறாக இருந்தால் தப்பித்தோம்: பில்ட் ஆன கோப்பின் பெயரிலேயே 311, 312 என்று எண் இருக்கும் என்பதால், பொருந்தாத பைதான் அதைக் கண்டுகொள்ளாது. எண் ஒன்றாக இருந்து நிறுவல்கள் வேறாக இருக்கும்போதுதான் ஆபத்து. என் மேக்கில் ஹோம்ப்ரூ, காண்டா என்ற இரண்டு நிறுவல் கருவிகள் தனித்தனியாக நிறுவிய இரண்டு பைதான் 3.7-கள் இருந்தன. ஹோம்ப்ரூவின் லிப்பைதானோடு (இன்டர்பிரட்டர் அடங்கிய லைப்ரரி) லிங்க் ஆகிய பைண்டிங்கைக் காண்டாவின் பைதானில் இம்போர்ட் செய்ததும், ஒரே பிராசஸுக்குள் இரண்டு இன்டர்பிரட்டர்கள் ஏறி, த்ரெட் ஸ்டேட் இல்லை என்ற ஒற்றை வரியோடு எல்லாம் விழுந்தது. என் பாயிண்டர்களில்தான் கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் சி++ நிரலைக் கிளறினேன். கடைசியில், ஒரு பைனரி எந்த லைப்ரரிகளை நாடுகிறது என்று காட்டும் ஓடூல் கருவியின் பட்டியலில், இருக்கவே கூடாத அந்த லிப்பைதானின் முழுப் பாதை இருந்தது.

லினக்ஸிலும் மேக்கிலும் பைண்டிங் லிப்பைதானோடு லிங்க் ஆக வேண்டிய தேவையே இல்லை. வேண்டிய சிம்பல்களை ஓடிக்கொண்டிருக்கும் பைதானே தந்துவிடும். விண்டோஸில்தான் லிங்க் செய்தாக வேண்டும். சிமேக் 3.18 முதல் பைண்டிங்குக்கு வேண்டியதை மட்டும் தனியாகக் கேட்கலாம். பைண்டிங் எழுத உதவும் லைப்ரரியான பைபைண்ட்11-இன் சொந்தக் கட்டளையைப் பயன்படுத்தினால் அதுவே இதைப் பார்த்துக்கொள்ளும். இன்டர்பிரட்டரின் முழுப் பாதையையும் நீங்களே கொடுங்கள். பாதையை மாற்றினால் பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய தேர்வு கேஷில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சென்ற வாரம் புதியவர் ஒருவரின் பில்ட் கோப்பில் அதே லிப்பைதான் வரியைப் பார்த்தேன். "என் கணினியில் ஓடுகிறதே அண்ணா" என்றார். அவர் கணினியில் இருந்தது ஒரே ஒரு பைதான்.

கிளையின் பெயரால் சார்புகளை இழுப்பது

சார்பு என்பது நம் நிரல் நம்பியிருக்கும் வேறு லைப்ரரி. அதன் கிட் கிளையின் பெயரைக் கொடுத்தால், அது சுட்டும் நிரல் நாளுக்கு நாள் மாறும். மாறாத கமிட் ஹாஷைக் கொடுங்கள்.

பில்ட் டைரக்டரியில் ஓடுவதை நம்புவது

பில்ட் செய்யும்போது சார்பு லைப்ரரிகளின் பாதைகளைச் சிமேக் பைனரிக்குள் எழுதிவைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது, நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அவற்றை நீக்கிவிடும். அதனால் காலையில் ஓடிய பைண்டிங் இன்ஸ்டாலுக்குப் பிறகு லைப்ரரி கிடைக்கவில்லை என்று நிற்கும். புதிய விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றில் நிறுவி, வேறு டைரக்டரியில் நின்றுகொண்டு இம்போர்ட் செய்து பார்ப்பதுதான் சோதனை.

எல்லாவற்றையும் பப்ளிக் என்று லிங்க் செய்வது

பப்ளிக் என்றால் உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கும் அந்தச் சார்பு போய்ச் சேரும். உங்கள் ஹெடரில் தலைகாட்டாத சார்பு பிரைவேட்டாகவே இருக்கட்டும்.

பழைய நம்பையோடு பில்ட் செய்வது

பைதானின் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் (NumPy) 2.0 பதிப்பு வெளிவந்தது 2024 ஜூனில். அதன் சி இடைமுகத்தைப் பயன்படுத்தும் பைண்டிங்கை 1 வரிசையோடு பில்ட் செய்திருந்தால் 2.0-இல் ஓடாது, 2.0-ஓடு பில்ட் செய்தது 1 வரிசையின் பிற்காலப் பதிப்புகளிலும் ஓடும். ஆகவே பில்ட் தேவைகளில் 2.0-ஐயோ அதற்குப் பிந்தியதையோ எழுதிவிட்டு, சோதனையை இரண்டிலும் நடத்துங்கள்.