ரெவிட் கேமரா வியூவில் பாதிக் கட்டடம் காணோமா?

கட்டட மாடல் செய்யும் ரெவிட் மென்பொருளில், சாதாரண 3டி வியூவில் முழுசாகத் தெரிகிற கட்டடம் கேமரா வியூவில் (ஓரிடத்தில் நின்று பார்ப்பதுபோல் காட்டும் வியூ) மட்டும் குறைபட்டு நின்றால், பலரும் நேரே எது தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் விசிபிலிட்டி கிராஃபிக்ஸைத் திறந்து ஒவ்வொரு டிக்காகப் போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் வீண் வேலை. பொருள் மறைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வெட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் தேடுகிற இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அதைத் தீர்மானிக்க, வியூவின் அடியில் உள்ள வியூ கன்ட்ரோல் பாரில் இருக்கும் பல்பு ஐகானை அழுத்துங்கள். கையால் மறைத்த பொருளும் மறைக்கப்பட்ட கேட்டகரியும் (சுவர், கதவு போன்ற பொருள் வகை) சிவப்பு நிறத்தில் எழுந்து வரும். காணாமல் போனது அதில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, தனிப் பொருள் என்றால் அன்ஹைட் எலிமென்ட், மொத்த வகையும் போயிருந்தால் அன்ஹைட் கேட்டகரி கொடுங்கள். பல்பு எரிந்தும் எதுவும் வரவில்லையா? அப்படியானால் கேமராவின் எல்லை அதை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெட்டுப்பட்ட பொருளைப் பல்பு காட்டாது.

வெட்டுவதில் முதல் ஆள் ஃபார் கிளிப், அதாவது கேமரா பார்க்கும் தூரத்தின் எல்லை. கேமரா வைக்கும்போது இரண்டாவது கிளிக்கை எங்கே வைக்கிறோமோ, அந்தத் தூரத்தை ஒட்டியே பார்வையின் ஆழம் அமைகிறது. வரவேற்பறை நடுவில் கிளிக் செய்தால் அதற்கு அப்பால் உள்ள சாப்பாட்டு அறை வராது. அடையாளமும் எளிது: தூரத்துச் சுவரோ தரையோ கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோட்டில் முடியும், அதன் பின்னால் வெறும் வெள்ளை. எதையும் தேர்ந்தெடுக்காமல் பிராபர்டீஸில் எக்ஸ்டென்ட்ஸ் பகுதிக்குப் போய், ஃபார் கிளிப் ஆக்டிவ் டிக்கை எடுத்துவிடுங்கள். கட்டடம் முழுசாக வந்துவிட்டால் காரணம் இதுதான். பெரிய வளாக மாடலில் டிக்கை எடுத்தே வைத்தால் வியூ மந்தமாகலாம். அதற்கு டிக்கைத் திரும்பப் போட்டு ஃபார் கிளிப் ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். கடைசிச் சுவர் கேமராவிலிருந்து 30 மீட்டர் என்றால் 35,000 மில்லிமீட்டர் போதும். எண் போட விருப்பமில்லையா? பிளானைத் திறந்து, பிராஜெக்ட் பிரவுசரில் கேமரா வியூவின் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ கேமரா கொடுங்கள். பிளானில் தெரியும் முக்கோணத்தின் தூரக் கோட்டில் உள்ள பிடியை இழுத்துக் கட்டடத்துக்கு வெளியே விடலாம்.

இரண்டாவது ஆள் செக்ஷன் பாக்ஸ், அதாவது தனக்கு வெளியே உள்ளதை வெட்டிவிடும் பெட்டி. இதில் ஒரு வஞ்சகம் உண்டு: பெட்டியின் கோடு பிடிக்கவில்லை என்று அதை ஹைட் செய்திருந்தாலும் அது வெட்டிக்கொண்டேதான் இருக்கும். பெட்டி கண்ணில் படவில்லை என்பதற்காக அது இல்லை என்று எண்ணாதீர்கள். பிராபர்டீஸில் செக்ஷன் பாக்ஸ் டிக்கைப் பாருங்கள்; இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கண் உயரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. மெட்ரிக் மாடலில் கேமரா வழக்கமாக லெவலிலிருந்து (தளத்தின் உயரக் குறி) 1750 மில்லிமீட்டரில் நிற்கும். தவறான லெவலைத் தேர்ந்தெடுத்தால் ஸ்லாப்புக்கு அடியிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ போய்விடும்.

எல்லையும் சரி, பல்பும் சரி, இன்னும் காணோம் என்றால் ஃபேஸ், அதாவது கட்டுமானக் கட்டம். வியூவின் ஃபேஸ் எக்சிஸ்டிங் என்றிருந்தால், ஃபேஸ் ஃபில்டரில் ஷோ ஆல் கொடுத்தாலும் நியூ கன்ஸ்ட்ரக்ஷனில் வரைந்த சுவர் வராது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; அது அந்த ஃபேஸ் வரைக்குமான ஆல். சந்தேகம் தீர ஃபேஸ் ஃபில்டரை நன் (None) என்று மாற்றினால் எல்லாக் கட்டத்துப் பொருளும் வரும். வந்தால் ஃபேஸை நியூ கன்ஸ்ட்ரக்ஷனுக்கு மாற்றிவிட்டு ஃபில்டரைப் பழையபடி வையுங்கள். வியூவின் அமைப்புகளைப் பூட்டி வைக்கும் வியூ டெம்ப்ளேட் ஏறியிருந்தால் ஃபில்டர் மங்கலாக, மாற்ற முடியாமல் நிற்கலாம். சோதிக்கிற நேரத்துக்கு டெம்ப்ளேட்டை நன் ஆக்கிக்கொள்ளுங்கள்; வியூவை முதலில் டூப்ளிகேட் செய்துகொண்டு அதில் செய்தால் மூல வியூ கெடாது.

உள்சுவர்கள் மட்டும் மாயமாகி, தாங்கு சுவர்கள் நிற்கின்றனவா? பிராபர்டீஸில் வியூவின் துறையைக் குறிக்கும் டிசிப்ளின் ஸ்ட்ரக்சுரல் என்றிருக்கும். ஆர்க்கிடெக்சுரலுக்கு மாற்றுங்கள். கதவின் கைப்பிடி, சோபாவின் கால் போன்ற நுணுக்கங்கள் மட்டும் போயிருந்தால் டீட்டெயில் லெவலை ஃபைன் ஆக்குங்கள். அப்போதும் வராவிட்டால் ஃபேமிலியை (அந்தப் பொருளின் மூல வடிவக் கோப்பு) திறந்து, அந்தப் பகுதியின் விசிபிலிட்டி செட்டிங்ஸில் எந்த லெவலுக்கு டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

சாதாரண 3டி வியூவிலும் பொருள் இல்லையென்றால் கேமராவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூடிய ஒர்க்செட் (குழுவாக வேலை செய்யப் பிரித்த பொருள் தொகுப்பு), அன்லோட் ஆன லிங்க் (இணைத்த வேறு மாடல்), வேறு டிசைன் ஆப்ஷன் (மாற்று வடிவமைப்பு) ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள். டீட்டெயில் லைனும் ஃபில்டு ரீஜனும் வரைந்த வியூவுக்கு மட்டுமே சொந்தம். 3டியில் கோடு வேண்டுமானால் மாடல் லைனாகத்தான் வரைய வேண்டும்.