பிரெஞ்சு நேஷனாலிட்டி: புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பூர்வீகத்தை வைத்து விண்ணப்பிப்பது எப்படி?

"தாத்தாவுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்ததாம், நமக்கும் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 1954-இல் தேட ஆரம்பிப்பார்கள். அந்த வருஷம் நவம்பர் 1 அன்று பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். குடியுரிமையைத் தீர்மானிப்பது 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம். நீங்கள் வாங்கவேண்டியது பிரெஞ்சு நேஷனாலிட்டி சான்று; அதற்கான கோப்பைப் பார்த்து முடிவெடுப்பது பாரிஸ் நீதிமன்றம். ஆகவே கேட்கவேண்டியது மூன்று: தாத்தா எங்கே பிறந்தார், அந்த 1962 தேதியில் எங்கே குடியிருந்தார், அடுத்த ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக்காரராகவே இருப்பதாக எழுதிக்கொடுத்தாரா?

படி 1: தாத்தா எந்த வகை?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கில் ஒன்றில் பிறந்து, அங்கேயோ இந்தியாவின் வேறு ஊரிலோ குடியிருந்தவர் தானாகவே இந்தியராகிவிட்டார். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்கள் 1963 பிப்ரவரிக்குள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இதைத்தான் ஊரில் "ஒப்சியோன்" என்கிறார்கள். நான்கில் பிறந்து சைகோனிலோ பிரான்ஸிலோ இருந்தவர், இந்தியக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்காதவரை, பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார்.

நான்குக்கும் வெளியே பிறந்தவர் ஒப்சியோன் எழுதத் தேவையே இல்லை. நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாத்தாவுடைய அம்மாவின் தாய்வீடு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால் பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். அப்படிப் பிறந்தவரின் அப்பா பிரெஞ்சுக் குடியாக இருந்தார் என்று காட்ட முடிந்தால், "ஒப்சியோன் தாள் கிடைக்கவில்லை" என்று கோப்பை மூடிவிடாதீர்கள்.

1962-இல் 18 நிறையாத, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு. 18 தாண்டியவர் தானே எழுதியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்று இருப்பது இதனால்தான். எந்தப் பிள்ளையின் வழியாக வருகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் பாஸ்போர்ட் உங்களுக்கு உதவாது.

படி 2: செலவு செய்வதற்கு முன் 50 ஆண்டு விதி

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இது. முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கி, நீங்களும் வெளிநாட்டிலேயே இருந்து, நீங்களோ உங்களுக்குக் குடியுரிமையைத் தரவேண்டிய பெற்றோரோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கும் நடத்தப்பட்டதற்கும் தடயமே இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே அனுமதி இல்லை. 1962-இலிருந்து எண்ணினால் 2012-இல் அந்த 50 ஆண்டு முடிந்துவிட்டது.

தப்பிக்க வழி, இருவரில் ஒருவருடைய தடயம். அப்பாவின் பழைய பிரெஞ்சு பாஸ்போர்ட், கான்சுலேட்டில் பதிந்த அட்டை, வாக்காளர் அட்டை, ராணுவச் சேவைப் புத்தகம் எதுவானாலும் சரி. காலாவதியான பாஸ்போர்ட்டைப் பெட்டியடியில் போட்டுவைத்திருப்பார்கள். கிழித்துப் போடுவதற்குள் போய் எடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் 21-14ஆம் பிரிவு என்ற தனி வழி உண்டு. பிரான்ஸோடு பண்பாடு, தொழில், பொருளாதாரம், குடும்பம் இவற்றில் வெளிப்படையான தொடர்பைக் காட்டி அறிவிப்புக் கொடுக்கும் முறை அது. அதற்கான கோப்பு வேறு.

படி 3: தாள்கள்

உங்களுடையது, அப்பா அல்லது அம்மாவுடையது, தாத்தாவுடையது என ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புப் பதிவும் திருமணப் பதிவும் வேண்டும். சுருக்கம் வேண்டாம், பதிவேட்டின் முழு நகல் வேண்டும். பழைய பதிவேடுகள் புதுச்சேரி நகராட்சியில் பிரெஞ்சிலேயே இருக்கின்றன. பிரான்ஸ் அரசிடம் உள்ள பதிவுகளுக்கு நாந்த் நகரில் உள்ள மத்திய சிவில் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

பிறந்து பல வருஷம் கழித்துப் பதிந்த பிறப்புச் சான்றை பாரிஸில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதற்கு அடிப்படையான நீதிமன்ற உத்தரவின் நகலையும் கூடவே வையுங்கள்.

படி 4: பெயர்

கோப்புகள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்ததைத் தம் மொழியில் எழுதினார். முருகையனுக்கு எம் எழுதி ஓ-யு போடுவார். ஆங்கிலச் சான்றில் எம்-யு. 'ழ'வுக்கு அவர் ஜெ போட்டார். பழனியாண்டி அங்கே பி-ஏ-ஜெ, பள்ளிச் சான்றில் இசட்-எச் அல்லது எல். புதுச்சேரிக்காரர் இரண்டையும் பார்த்தவுடன் ஒரே ஆள் என்பார். பாரிஸில் இருப்பவருக்கு இருவர்.

அடுத்தது இனிஷியல். தாத்தா பழனியாண்டி, மகன் ப. குமார், பேரன் கு. ராஜா. குடும்பப் பெயரை வைத்தே படித்துப் பழகியவர் கண்ணுக்கு இது மூன்று தனிக் குடும்பம்.

செய்யவேண்டியது: ஒரு ஏ4 தாளில் மூன்று தலைமுறையையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு தாளிலும் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். எக்செல்லைவிட இதற்குப் பேனாவே மேல். முரண்பாடு ஒரே பார்வையில் தெரியும். எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு என்றால் தாசில்தாரிடம் "இருவரும் ஒருவரே" சான்று வாங்கலாம். வெறும் நோட்டரி அஃபிடவிட்டை நம்பி அனுப்பாதீர்கள். தேதியோ பெற்றோர் பெயரோ தவறு என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவேட்டிலேயே முறையாகத் திருத்துங்கள். பழைய சான்று ஒன்றும் புதிய சான்று ஒன்றுமாகக் காரணம் சொல்லாமல் இரண்டு உலவினால் ஆபத்து. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 47ஆம் பிரிவு முறைகேடான வெளிநாட்டுச் சான்றை ஒதுக்கச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் இங்கே பதிவேட்டையே சரிபார்ப்பார்கள்.

படி 5: அப்போஸ்டீல், மொழிபெயர்ப்பு

அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டீல் (சான்று வெளிநாட்டில் செல்ல வைக்கும் முத்திரை), அதன் பிறகுதான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால் இந்த வரிசையை மாற்றினால் காசு இரண்டு முறை போகும். லேமினேட் செய்த சான்று செல்லாது, புதிதாக வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. மூலத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை அவர் "திருத்தி"விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அனுப்புவது

நேஷனாலிட்டி சான்று கேட்க, செர்ஃபா 16237 என்ற பிரெஞ்சு அரசுப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கு உரிய இடம் பாரிஸ் நீதிமன்றத்தின் நேஷனாலிட்டி பிரிவு. புதுச்சேரி மரைன் வீதியில் உள்ள பிரெஞ்சு கான்சுலேட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதல்ல. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். படிவத்தில் எழுதியதும் சான்றில் இருப்பதும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். அனுப்பும் ஒவ்வொரு தாளையும் ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 300 டிபிஐ-யில் எடுத்துவையுங்கள். ஃபோன் ஆப்பில் எடுத்தால் புடைப்பு முத்திரை விழுவதில்லை.

மறுத்தால் பயந்துவிட வேண்டாம், காரணத்தைப் படியுங்கள். தாள் குறை என்றால் சேர்க்கலாம். நீதிமன்றத்தில் எதிர்க்க ஆறு மாதம் உண்டு, வழக்கறிஞர் கட்டாயம்.

பிற்சேர்க்கை: சான்று வந்தவுடன் பாஸ்போர்ட் எடுக்க ஓடுபவர்களுக்கு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பிக்கலாம். அரசு வேலையில் இருப்பவர்கள், விவசாய நிலம் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை முதல் படிக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஓசிஐ வைத்திருப்பவர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது.