மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவி: முதன்முறை வடிவமைக்கும் பொறியியல் மாணவர்களுக்கு

மாணவர் குழுக்கள் பெரும்பாலும் சென்சாரை முதலில் வாங்கிவிட்டு, அது யாருக்குப் பயன்படும் என்று பிறகு தேடுகின்றன. 1993-இல் அமெரிக்காவில் 227 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், அவர்கள் பெற்றிருந்த உதவிக் கருவிகளுள் 29.3 விழுக்காடு முற்றிலும் கைவிடப்பட்டிருந்தது. பயன்படுத்துபவரின் கருத்தைக் கேளாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தது அதற்கான காரணங்களுள் ஒன்று. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தை, பேட்டரியில் ஓடும் பொம்மையைத் தானே இயக்குவதற்கான சுவிட்சை எடுத்துக்காட்டாகக் கொண்டு முறையைப் பார்ப்போம்.

படி 1: பார்த்தல்

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு செல்லுங்கள். குழந்தை விளையாடும் இடத்திலேயே அமர்ந்து, கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, விரல் படுகிறதா, உள்ளங்கை முழுவதும் விழுகிறதா என்று கவனியுங்கள். பெற்றோரிடமும் சிகிச்சையாளரிடமும் கேளுங்கள். ஆனால் குழந்தையை விட்டுவிட்டு அவர்களிடம் மட்டும் பேசாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி பெறுங்கள்.

படி 2: அளத்தல்

இதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். அதன்மேல் கை சும்மா இருக்கும்போது காட்டும் எடையையும், குழந்தை சிரமமின்றி அழுத்தும்போது காட்டும் எடையையும் பலமுறை குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் இயங்குவதற்கான விசை இவ்விரண்டுக்கும் இடையில் அமைய வேண்டும். முதல் எண்ணுக்குக் கீழே போனால் கையை வைத்தவுடனேயே பொம்மை ஓடத் தொடங்கும், இரண்டாவதைத் தாண்டினால் குழந்தை களைத்துவிடும். இரண்டு எண்களும் மிக நெருங்கியிருந்தால் கையை விட்டுவிட்டு, தலையசைவையோ கன்னத்தையோ பயன்படுத்த முடியுமா என்று சிகிச்சையாளருடன் கலந்து பாருங்கள்.

படி 3: அட்டை மாதிரி

அட்டையில் வெவ்வேறு அளவுகளில் வட்டங்களை வெட்டி, மேசையில் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். கை தவறாமல் எட்டும் இடத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள்.

படி 4: செய்தல்

ஒரு பக்கம் கீல் பொருத்திய தட்டின் அடியில் மைக்ரோசுவிட்சை (லேசான அழுத்தத்திலேயே இயங்கும் சிறிய சுவிட்சை) வையுங்கள். அதைக் கீலுக்கு அருகே நகர்த்தினால் அழுத்தும் விசை குறையும். ஆனால் தட்டு கூடுதலான தூரம் இறங்க வேண்டியிருக்கும். ஒயரின் முனையில் 3.5 மி.மீ. மோனோ பிளக்கைப் பொருத்துங்கள். இத்தகைய சுவிட்சுகளில் வழக்கமாக இருப்பது அதுவே என்பதால், அதே சாக்கெட் உள்ள வேறு பொம்மைகளுக்கும் இச்சுவிட்ச் பயன்படும். பொம்மையைப் பிரிக்கவும் தேவையில்லை: இருபுறமும் செம்புத் தகடும் நடுவே மின்காப்பும் கொண்ட மெல்லிய வில்லையைப் பேட்டரிக்கும் அதன் தொடுமுனைக்கும் இடையில் செருகி, இரு தகடுகளிலிருந்தும் ஒயர் எடுத்துச் சாக்கெட்டில் இணைத்தால் போதும். மைக்ரோகன்ட்ரோலர் இங்கே வேண்டியதில்லை. இது பல மாணவர்களுக்கு ஏமாற்றமளிப்பதுண்டு.

எச்சில் பட்டால் துடைக்கக்கூடியதாகவும் கூர்முனை இல்லாததாகவும் மேற்பரப்பு இருக்கட்டும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைக் கொண்டு அச்சிட்டிருந்தால் கொதிநீரில் கழுவ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகிவிடும்.

படி 5: விட்டுவிட்டு வருதல்

இரண்டு வாரம் அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பிச் சென்று பாருங்கள். தட்டில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, யாராவது அடியில் துணி மடித்து வைத்திருக்கிறார்களா என்று கவனித்து, அடுத்த மாதிரியின் சாய்வை அதற்கேற்ப மாற்றுங்கள்.